ஆறடி இரண்டங்குல கார்டு கிடைத்தால் எங்கே நிறுத்துவது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் குறுவட்டப் போட்டிக்கு வரும் பள்ளிக் கூடைப்பந்து அணிகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். யார் உயரமோ அவனை ரிங்கடியில் நிறுத்திவிடுவார்கள். யார் குள்ளமோ அவன் கையில் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான வருடங்களில் இதில் தப்பில்லை. ஆனால் எப்போதாவது வேறு மாதிரி ஒரு பையன் வருவான். எட்டாம் வகுப்பில் குள்ளமாக இருந்ததால் கார்டாக, அதாவது வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆளாக, ஆடிப் பழகியிருப்பான். பதினொன்றாம் வகுப்புக்குள் மளமளவென்று 6 அடி 2 அங்குலத்துக்கு வளர்ந்திருப்பான். கையில் ட்ரிபிளிங்கும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) இருக்கும், கண்ணில் பாஸும் இருக்கும். அவனையும் ரிங்கடியில் கொண்டுபோய் நட்டுவைத்தால், அந்த வருடத்தின் பெரிய வாய்ப்பை நாமே மூடிவிடுகிறோம்.

அவனை மாவட்ட அளவில் காக்க வரும் எதிரணி கார்டு பெரும்பாலும் 5 அடி 6 அங்குலம், 5 அடி 7 அங்குலம்தான் இருப்பான். 20 சென்டிமீட்டர் வித்தியாசம். இதைப் பாஸ்கெட்டாக மாற்ற நான்கு வழிகள் உண்டு: அவனையே பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் முழுநேரப் பாயிண்ட் கார்டாக்குவது, காக்கும் சின்ன ஆளை முதுகில் வைத்துக்கொண்டு லோ போஸ்டில் (ரிங்குக்குப் பக்கத்தில்) ஆடவைப்பது, சின்ன கார்டு ஸ்கிரீன் போட (டிபெண்டரின் வழியை உடம்பால் மறிக்க), இவன் பந்தோடு வருவது, ஹை போஸ்டில் (ப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில்) நிறுத்திச் சோன் டிபென்ஸை (ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் தடுப்பை) உடைப்பது. நான்கையும் பழக்க எந்தப் பள்ளிக்கும் நேரம் கிடையாது. மாலை நாலரை மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் மழை. ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பையன்கள் செல்போனில் பார்ப்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ஆட்டம், நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான பிபாவின் (FIBA) விதிகளில். இந்த விஷயத்தைப் பொறுத்தவரை இரண்டு வித்தியாசங்கள் முக்கியம். என்.பி.ஏ.வில், யாரையும் நெருங்கிக் காக்காத டிபெண்டர் த்ரீ செகண்ட் ஏரியாவுக்குள் (ரிங்கடியில் கோடு போட்ட பகுதி) மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. 2001-02 பருவத்தில் வந்த விதி. பிபாவில் அது இல்லை. எதிரணி சென்டர் (ரிங்கடியில் ஆடும் நெட்டையன்) ஏரியாவுக்குள் குடியிருக்கலாம், யாரும் விசில் ஊத மாட்டார்கள். இது நமக்குப் பாதகம். இன்னொன்று சாதகம்: என்.பி.ஏ.வில் ப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே ரிங்குக்கு முதுகைக் காட்டி 5 நொடிக்கு மேல் ட்ரிபிள் செய்துகொண்டே தள்ளக்கூடாது. பிபாவில் அந்தத் தடை இல்லை. 24 நொடிக்குள் ஷாட் எறியச் சொல்லும் ஷாட் கிளாக் மட்டும்தான் எல்லை. ஆனால் பந்தை ட்ரிபிள் செய்யாமல் கையில் பிடித்து நின்றால், நெருக்கிக் காக்கும் ஆள் இருக்கும்போது 5 நொடிக்குள் பாஸோ ஷாட்டோ ட்ரிபிளோ செய்துவிட வேண்டும்.

முழுநேரப் பாயிண்ட் கார்டு

உயரமான பாயிண்ட் கார்டு என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது மேஜிக் ஜான்சன்தான். 6 அடி 9 அங்குலம். 1980 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அணியின் சென்டர் கரீம் அப்துல்-ஜப்பார் காயத்தால் ஆடாதபோது சென்டர் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கி 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்தார். அப்போது அவருக்கு அது முதல் பருவம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் உயரமான பையன் கையில் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுப்பதில் லாபம் உண்டு. ட்ராப் வந்தால் (இருவர் சேர்ந்து அடைத்தால்) தலைக்கு மேலாகப் பாஸ் போடலாம். ரீபவுண்டை அவனே எடுத்து அவனே பாஸ்ட் பிரேக் ஓடலாம்; அவுட்லெட் பாஸ் தேவையில்லை. சிக்கல் எதிரணி முழுத்தளப் பிரஸ் (தளம் முழுக்க நெருக்கிக் காப்பது) போடும்போது வருகிறது. டெல்டா அணிகளில் உயரம் குறைவு, ஓட்டம் அதிகம். பிரஸ் போடாத அணியைப் பார்ப்பது அரிது. உயரமானவனின் ட்ரிபிள் இயல்பாகவே இடுப்பு உயரத்துக்கு எழும். தரையிலிருந்து கைக்கும் கையிலிருந்து தரைக்கும் பந்து போகும் தூரம் கூடக்கூட, குறுக்கே கைவைக்கச் சின்ன ஆளுக்குக் கிடைக்கும் நேரமும் கூடும். இரண்டு சுறுசுறுப்பான கார்டுகள் சைட்லைன் ஓரம் ஒதுக்கி, அரைக்கோட்டைத் தாண்டியதும் மூலையில் அடைத்தால் பந்து போய்விடும். அதோடு 8 நொடிக்குள் அரைக்கோட்டைத் தாண்டும் வேலையை 40 நிமிடமும் அவன் தலையில் கட்டினால், நான்காம் குவார்ட்டரில் அவன் ஷாட்டெல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் முட்டும். கால் செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பிரஸ்ஸை உடைக்க அவனை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பந்தை அவன் கொண்டுவர வேண்டாம். அரைக்கோட்டு வட்டத்துக்குப் பக்கத்தில், தளத்தின் நடுவில் நிற்கட்டும். பேஸ்லைனிலிருந்து வாங்கிய சின்ன கார்டுக்கு ட்ராப் வந்தவுடன் நடுவில் இவன் கைக்கு உயரமாக ஒரு பாஸ். இவன் பிடித்துத் திரும்பினால் முன்னால் மூன்றுக்கு இரண்டு. பத்து நிமிடப் பயிற்சியில் வந்துவிடும். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோ போஸ்ட்

கேட்டவுடனே எளிதாகத் தெரிவதும், ஆடும்போது அதிகம் சொதப்புவதும் இதுதான். "குள்ளன் காக்கிறான், உள்ளே போ" என்று பெஞ்சிலிருந்து கத்தினால் மட்டும் பாஸ்கெட் விழாது. அதற்கு முன் நான்கைந்து விஷயங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும்.

ஓடிப்போய் பிளாக்கில் (ரிங்குக்குப் பக்கத்தில், ஏரியாவின் ஓரம்) நின்று கை நீட்டினால் எதிரணிக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதைவிட, அவனே டாப்பில் (ரிங்குக்கு நேர் எதிரே, மேலே) பந்தை வாங்கி விங்குக்கு (பக்கவாட்டில் நிற்பவனுக்கு) பாஸ் கொடுக்கட்டும். நம் சென்டர் எல்போவில் (ப்ரீ த்ரோ கோட்டின் முனையில்) நிற்பான். அவன் தோளை உரசிக்கொண்டு இவன் பந்து இருக்கும் பக்கத்துப் பிளாக்குக்கு வெட்டி இறங்க வேண்டும். காக்கும் சின்ன ஆள் அந்தத் தோளில் இடித்து ஓரடி பின்தங்குவான். இவன் பிளாக்குக்குப் போய்ச் சேரும்போது அவன் ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் இருப்பான். சீல் செய்ய, அதாவது அவனை முதுகால் மறித்துவைக்க, தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

பந்தைப் பிடிக்கும் இடம் அடுத்தது. ஒரு பாதம் ஏரியாவின் பக்கக் கோட்டை ஒட்டி வெளியே இருக்கலாம். அதைவிட வெளியே போகக்கூடாது. இன்றைய ஏரியா 4.9 மீட்டர் அகலச் செவ்வகம். பக்கக் கோடு தளத்தின் நடுவிலிருந்து 2.45 மீட்டர். 2010-க்கு முந்தைய ஏரியா, பேஸ்லைனில் 6 மீட்டர் அகலமுள்ள சரிவகம். பயிற்சித் தளத்தில் இன்னும் அந்தப் பழைய கோடு இருந்தால், பேஸ்லைன் ஓரத்தில் பையன் அரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பிடித்தே பழகுவான். போட்டித் தளத்திலும் கால் அங்கேயேதான் போய் நிற்கும். சுண்ணாம்பிலாவது புதுக் கோட்டைப் போட்டுவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

அந்த அரை மீட்டருக்காக ஏன் இவ்வளவு கெடுபிடி? வெளியே பிடித்தால் உள்ளே வர இரண்டு மூன்று ட்ரிபிள் வேண்டும். பந்து தரைக்குப் போகும்போதுதான் குள்ளனுக்கு வேலை. மேலே இருக்கும் பந்தை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே போஸ்டில் ஒரே ஒரு ட்ரிபிள்தான் அனுமதி. பிடித்த பந்தைத் தாடைக்குக் கீழே இறக்கக்கூடாது. கோல்டன் ஸ்டேட் அணியில் 2015, 2017, 2018 மூன்று கோப்பைகளிலும் மாற்று கார்டாக ஆடிய ஷான் லிவிங்ஸ்டன் இதற்கு நல்ல பாடம். 6 அடி 7 அங்குலம்; மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அனேகமாக எறியவே மாட்டார். சின்ன கார்டை முதுகில் வைத்து இரண்டு தட்டு தட்டி, திரும்பி, தலைக்கு மேலேயிருந்து விடுவார். அவ்வளவுதான். நம் பையனுக்கு இரண்டே இரண்டு நகர்வு போதும்: நடுப்பக்கம் திரும்பி ஒரு ஜம்ப் ஷாட், அதைத் தடுக்க டிபெண்டர் நடுப்பக்கம் சாய்ந்தால் பேஸ்லைன் பக்கம் காலைப் பின்னால் போட்டு லே-அப். மூன்றாவது நகர்வு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் முதல் இரண்டும் கெடும்.

பாஸ் விங்கிலிருந்துதான் வரவேண்டும். அதுவும் ப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்குச் சற்றுக் கீழே இறங்கிய இடத்திலிருந்து. டாப்பிலிருந்து போட்டால் பக்கவாட்டில் நிற்கும் டிபெண்டரின் கை குறுக்கே வரும். டிபெண்டர் இல்லாத பக்கத்துக் கைக்குப் போட வேண்டும். பாதி பாஸ்கள் இந்தச் சின்ன விஷயத்தில்தான் பறிபோகின்றன. டிபெண்டர் முழுவதுமாக முன்னால் வந்து நின்றுவிட்டால் விங்கிலிருந்து தூக்கிப் போடாதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து உதவிக்கு வரும் டிபெண்டர் அங்கே தயாராக நிற்பான். பந்தை எல்போவில் நிற்கும் சென்டருக்குக் கொடுத்து, அங்கிருந்து மேலிருந்து கீழாகப் போடச் சொல்லுங்கள். முன்னால் வந்த டிபெண்டர் இப்போது தப்பான பக்கத்தில் மாட்டியிருப்பான்.

ஷாட் கிளாக்குக்கும் கணக்கு உண்டு. பந்து 6 நொடியில் அரைக்கோட்டைத் தாண்டினால் மீதி 18. விங் பாஸ், வெட்டு, சீல் முடியும்போது மீதி 14. பந்து போஸ்டுக்குள் போகும்போது குறைந்தது 12 நொடி இருந்தால், டபுள் டீம் (ஒருவனை இருவர் காப்பது) வந்து வெளியே போன பந்து இன்னொரு முறை உள்ளே வர நேரம் இருக்கும். 8 நொடிக்குக் கீழே போய்விட்டால் அது கடைசி வாய்ப்பு என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷாட் கிளாக் இல்லாத தளத்தில் ஆடினாலும் பயிற்சியில் ஒருவர் சத்தமாக எண்ணட்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தும் பாஸ்கெட் விழவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் நம் சென்டர்தான். அவன் எதிர்ப்பக்க பிளாக்கிலேயே நின்றால் அவனைக் காக்கும் நெட்டையனும் அங்கேயே நிற்பான். பிபாவில் அவனை வெளியேற்ற விதி கிடையாது. நம் சென்டர் எதிர்ப்பக்க எல்போவுக்கு ஏறி, அங்கிருந்து ஒரு ஷாட் போடத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அது முடியாத அணிக்கு லோ போஸ்ட் வழி பாதிதான் திறந்திருக்கிறது. சென்டரை உட்காரவைத்து, நான்கு பேரை வெளியே நிறுத்தி ஆடலாம். ஆனால் அப்போது ரீபவுண்ட் போகும்.

டபுள் டீம் வரும் திசையை முதல் மூன்று முயற்சிகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பாஸ் போட்டவனைக் காப்பவன் வந்தால் பாஸ் போட்டவன் கார்னருக்கு நழுவ வேண்டும். பேஸ்லைன் பக்கமிருந்து நெட்டையன் வந்தால் அவன் விட்டுவந்த ஆள் ரிங்குக்கு வெட்ட வேண்டும். டாப்பிலிருந்து வந்தால் எதிர்ப்பக்க 45 டிகிரியில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலாக இரண்டு கை பாஸ். சாதாரண சென்டரைவிட நம் உயரமான கார்டு இங்கேதான் மேல்: கூட்டத்துக்கு மேலாகப் பார்க்கவும் தெரியும், பாஸ் கொடுக்கவும் தெரியும். வழக்கமாக அவன் செய்யும் தப்பு, டபுள் வந்த பிறகும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது.

ப்ரீ த்ரோ கணக்கையும் மறந்துவிடக்கூடாது. போஸ்டில் ஆடினால் பவுல் வரும். குவார்ட்டரில் எதிரணியின் ஐந்தாவது பவுலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு த்ரோ. பத்தில் ஏழு போடுபவனுக்கு அது சராசரி 1.4 புள்ளி, எந்த ஷாட்டையும்விட நல்ல வரவு. பத்தில் நான்கு போடுபவனுக்கு 0.8 புள்ளி, எதிரணியே வேண்டுமென்று பவுல் செய்யும். 6 அடி 10 அங்குல கார்டான பென் சிம்மன்ஸ் 2021 பிளே-ஆப்பில் ப்ரீ த்ரோவில் மூன்றில் ஒன்றுதான் போட்டார். கடைசி நிமிடங்களில் பந்தை அவர் கையில் விடவே அணி தயங்க வேண்டியதாயிற்று. நம் பையன் ஓடிக் களைத்த பிறகு, இரண்டு இரண்டாக, மாலைக்கு 40 த்ரோ போடட்டும். பத்துக்கு ஆறு வராதவரை லோ போஸ்டை முதல் வழியாக வைக்க வேண்டாம்.

சின்னவன் ஸ்கிரீன், பெரியவன் பந்து

போஸ்டில் இரண்டு பாஸ்கெட் விழுந்ததும் எதிரணி மாஸ்டர் சும்மா இருக்க மாட்டார். தன் பார்வேர்டை (கார்டைவிட நெட்டையான ஆளை) நம் உயரமான கார்டின் மேல் போடுவார். தன் குள்ளமான ஆளை, ஷாட் போடத் தெரியாத நம் ஆள் ஒருவனிடம் ஒளித்துவைப்பார். மிஸ்மேட்ச் (காப்பவனோடு உள்ள ஏற்றத்தாழ்வு) போய்விட்டதுபோல் தெரியும். போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் பள்ளம் தேடிப் போவதுபோல, பந்தும் அந்தக் குள்ளனைத் தேடிப் போக வேண்டும். அதற்கான வழிதான் தலைகீழ் பிக் அண்ட் ரோல்: வழக்கத்துக்கு மாறாகச் சின்னவன் ஸ்கிரீன் போட, பெரியவன் பந்தோடு வருவது.

எதிரணியின் குள்ளன் நம் அணியில் யாரைக் காக்கிறானோ, அவனே வந்து ஸ்கிரீன் போட வேண்டும். நம் அணியில் யார் நன்றாக ஸ்கிரீன் போடுவான் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் இந்த வழி வேலை செய்யாது. 2016 என்.பி.ஏ. இறுதித் தொடரில் கிளீவ்லாண்ட் செய்தது இதுதான். எதிரணியின் ஸ்டீபன் கறி காத்த ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் போடவைத்து, லெப்ரான் ஜேம்ஸ் அல்லது கைரி இர்விங் முன்னால் கறியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 3-1 என்று பின்தங்கிய தொடரை 4-3 என்று வென்றார்கள்.

ஸ்கிரீன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே, டாப்புக்குச் சற்று ஒதுங்கி விழட்டும். போடுபவனின் முதுகு, பந்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்க ரிங் மூலையைப் பார்க்க வேண்டும். கால் தோள் அகலம், கை மார்போடு. இவன் சின்ன ஆள். நெட்டை பார்வேர்ட் வந்து மோதும்போது ஆடிவிடுவான், ஆடினால் நகரும் ஸ்கிரீன் என்று நம் மேலேயே பவுல். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியதைப் பார்த்த பிறகுதான் பந்து வைத்திருப்பவன் கிளம்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இந்த அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். கிளம்பும்போது இவன் தோள் அவன் இடுப்பை உரச வேண்டும். நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து இருந்தால் அது ஸ்கிரீனே இல்லை.

டிபென்ஸ் சுவிட்ச் செய்தால் (காக்கும் ஆளை மாற்றிக்கொண்டால்) நாம் கேட்டது கிடைத்தது. அவசரப்பட்டு ரிங்குக்குப் பாயாமல், இரண்டு தட்டு பின்வாங்கி, அந்தப் பக்கம் காலியாகும்வரை காத்திருந்து, ஐந்து மீட்டரிலிருந்து முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். அல்லது நேருக்கு நேர் நின்று அவன் தலைக்கு மேலேயே எறியலாம். அதே நேரம் நம் சின்ன கார்டை இப்போது ஒரு நெட்டை பார்வேர்ட் காக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். உயரமானவன் முன் கூட்டம் சேர்ந்தால் பந்து சின்னவனுக்குப் போகட்டும். நெட்டையன் காலால் அவனைப் பிடிக்க முடியாது. நெட்டையன் வந்தால் வெளியே இழு, குள்ளன் வந்தால் உள்ளே தள்ளு: இந்த ஒரு வரியைப் பையன்கள் மனப்பாடம் செய்தால் போதும்.

சுவிட்ச் செய்யாமல் குள்ளன் எட்டிப் பார்த்துத் தடுத்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பினால், ஸ்கிரீன் போடுபவன் மோதும்வரை காத்திருக்காமல் ப்ரீ த்ரோ கோட்டுக்கு நழுவ வேண்டும். அங்கே பந்து வந்தால் நான்குக்கு மூன்று. டிபெண்டர் ஸ்கிரீனுக்குக் கீழாகச் சுற்றி வந்தால், அதே ஆள் இன்னும் ஒரு மீட்டர் கீழே இறங்கி மறுபடி ஸ்கிரீன்.

இதற்கு வேண்டிய முதலீடு அதிகம். மூன்றுக்கு மூன்றாக, மாலைக்கு 20 நிமிடம், குறைந்தது ஆறு வாரம். அதற்குள் சுவிட்ச், எட்டிப் பார்த்தல், கீழே சுற்றுதல் மூன்றையும் டிபென்ஸ் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒரே மாதிரி டிபென்ஸுக்கு எதிராகப் பழகிய அணி, போட்டியில் வேறு டிபென்ஸைப் பார்த்ததும் கல்லாய் நின்றுவிடும்.

ஹை போஸ்ட்

மேலே சொன்ன இரண்டும் மேன் டு மேனுக்கு (ஆளுக்கு ஆள் காக்கும் டிபென்ஸுக்கு). நம் பக்கத்துப் பள்ளி அணிகள் கொஞ்சம் அடி வாங்கினாலே 2-3 சோனுக்கு (முன்னால் இருவர், பின்னால் மூவர்) போய்விடும். சோனில் யாரும் யாரையும் தனியாகக் காப்பதில்லை என்பதால் குள்ளனைத் தேடும் வேலை வீண். ஆனால் முன்னால் நிற்கும் இரண்டு கார்டுகளுக்கும் பின்னால் நிற்கும் சென்டருக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. அங்கே நம் ஆள் நின்றால், அந்த இரண்டு கார்டுகளின் கைக்கு மேலாகவே பந்து போகும்.

நிற்கும் இடம் ப்ரீ த்ரோ கோட்டுக்கு மேலே, அரைவட்டத்துக்குள். கோட்டை மிதித்து நின்றால் ஏரியாவுக்குள் நிற்பதாகக் கணக்கு, மூன்று நொடி ஓடும். அரைவட்டம் ஏரியாவைச் சேர்ந்ததல்ல. கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர். பிடித்த அதே நொடி திரும்ப வேண்டும், பந்து நெற்றிக்கு மேலேயே இருக்க வேண்டும். சென்டர் ஏறி வந்தால் பேஸ்லைன் ஓரம் நிற்கும் நம் ஆளுக்குக் கீழே ஒரு பாஸ். முன் கார்டுகள் குவிந்தால் 45 டிகிரி இரண்டில் ஒன்றுக்கு. யாரும் வராவிட்டால் ஷாட். அந்த ஷாட் பத்துக்கு நான்காவது விழாவிட்டால் சென்டர் ஏறி வரவே மாட்டான், மற்றக் கதவுகளும் மூடிக்கொள்ளும். ஆகவே பயிற்சியில் மாலைக்கு 50 ஷாட் இதே இடத்திலிருந்து. இரண்டு வாரத்தில் அணிக்குப் பழகிவிடும். நான்கு வழிகளில் செலவு குறைந்தது இதுதான்.

எதை எடுப்பது

போட்டிக்கு மூன்று நான்கு வாரம்தான் இருக்கிறதென்றால் ஹை போஸ்டும் பிரஸ்ஸுக்கு நடுவில் நிற்பதும் மட்டும் போதும். ஒரு முழுப் பருவம் கையில் இருக்கிறது, சின்ன கார்டுகளில் ஒருவனாவது மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து நம்பி எறிவான் என்றால் தலைகீழ் பிக் அண்ட் ரோலில் நேரத்தைப் போடுங்கள்; எதிரணி என்ன மாற்றினாலும் பதில் இருப்பது அதில்தான். லோ போஸ்டை ஆட்டத்தின் முதல் சில முறைகளுக்கும், எதிரணி கார்டு மூன்று பவுலோடு ஆடும்போதும் வைத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிடமும் அதையே ஆடினால் பந்து நின்றுபோகும், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். முழுநேரப் பாயிண்ட் கார்டு வேலை, அணியில் பந்து கொண்டுவர வேறு ஆளே இல்லாதபோது மட்டும். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பையனின் எதிர்காலம் என்று பார்த்தாலும் இதுவே சரி. மாவட்டத்தில் நெட்டையனாகத் தெரியும் 6 அடி 2 அங்குலம், மாநில அணித் தேர்வில் கார்டு உயரம்தான். இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2020-இல் அர்ஜுனா விருது பெற்ற விஷேஷ் பிரிகுவன்ஷி 6 அடி 4 அங்குலம். அவர் ஆடியது கார்டு இடத்தில். பள்ளியில் மூன்று வருடம் ரிங்குக்கு முதுகைக் காட்டியே ஆடியவன் மேலே போனதும் எந்த இடத்துக்கும் பொருந்தாமல் நிற்பான்.

பெண்கள் அணிக்கும் இதே கணக்குதான். பந்து 6-ஆம் அளவு, சின்னது என்பதால் உயரமான பெண்ணின் ஹை போஸ்ட் பிடிப்பு இன்னும் உறுதியாக இருக்கும். 10 சென்டிமீட்டர் வித்தியாசமே போதும்.

தளமும் பருவமும் ஒரு வார்த்தை கேட்கும். மார்கழி, தை மாதங்களில் விளக்கொளி ஆட்டம் என்றால் ஏழு மணிக்கு மேல் பனி இறங்கிச் சிமெண்ட் தளம் வழுக்கும், பந்தும் ஈரமாகும். உயரமான ட்ரிபிளுக்கு அது எமன். திரும்பி எறியும் ஷாட்டில் ஊன்றும் கால் சறுக்கும். அன்றைக்கு ஹை போஸ்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சிமெண்டில் ஒரே மாலையில் நூறு முறை குதித்து இறங்கினால், வளர்ந்துகொண்டிருக்கும் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வரும். அப்படி வலித்தால் குதிக்கும் ஷாட்டைக் குறைத்து, நின்ற இடத்துப் பாஸையும் ப்ரீ த்ரோவையும் கூட்ட வேண்டும். வலியோடு ஓடவைக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் யோசித்துவைக்க வேண்டும். நாம் டிபென்ஸ் ஆடும்போது இவன் யாரைக் காப்பது? எதிரணியின் வேகமான சின்ன கார்டை இவனிடம் கொடுத்தால், மிஸ்மேட்ச் நமக்கு எதிராகத் திரும்பும். இரண்டாவது எட்டிலேயே தாண்டிப் போய்விடுவான். எதிரணி ஆட்களில் குறைவாக ட்ரிபிள் செய்யும் பார்வேர்டை இவன் காக்கட்டும், நம் பார்வேர்ட் ஒருவன் கார்டுக்கு மாறட்டும். சோன் ஆடினால் 2-3-இன் முன் இருவரில் ஒருவனாக நிறுத்தலாம்; நீண்ட கை விங் பாஸ்களைக் கெடுக்கும். ஆனால் நம் பாஸ்கெட் விழுந்தவுடன் ஆள் மாற்றிப் பிடிக்க இரண்டு மூன்று நொடி குழப்பம் வரும். எதிரணி அந்த நேரத்தில் வேகமாகப் பந்தைப் போட்டு ஓடும். ஆளைப் பெயர் சொல்லி, கை காட்டிப் பிடிப்பதைப் பழக்க வேண்டும்.

கூப்பிடும் சொல்லும் முன்பே பேசிவைக்க வேண்டியது. "குள்ளன், குள்ளன்" என்று கத்தினால் எதிரணியும் தமிழ்தான், உடனே ஆளை மாற்றிவிடுவார்கள். லோ போஸ்டுக்குக் கல்லணை, தலைகீழ் ஸ்கிரீனுக்குக் கொள்ளிடம் என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைக் கூப்பிடுவது பந்து வைத்திருக்கும் சின்ன கார்டின் வேலை. ஒன்பதாம் வகுப்புப் பையனாக இருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் அந்தக் குரலுக்கு ஓட வேண்டும். இதில் மூத்தவன், இளையவன் பார்த்தால் ஆட்டம் நடக்காது.

பவுல் கணக்கையும் பெஞ்சில் ஒருவர் எழுதிவர வேண்டும். உயரமான கார்டு இரண்டாம் குவார்ட்டரிலேயே மூன்று பவுல் வாங்கினால், இடைவேளைவரை அவனை வெளியே எடுத்து, ஹை போஸ்டில் அவன் இடத்துக்கு நம் சென்டரை ஏற்றி அதே ஆட்டத்தைத் தொடருங்கள். மூன்றாம் குவார்ட்டரில் உள்ளே வரும்போது ரிங்கடியில் யாரையும் காக்க விடாமல், சோனின் முன்வரிசையில் நிறுத்துங்கள். ஆளை வெளியேற்றும் ஐந்தாவது பவுல் விழும் இடம் பெரும்பாலும் ரிங்கடிதான்.